கீரைப்பாத்திக்கு ஒரு கூண்டு

வீட்டுத் தோட்டத்தில் கீரையும் தக்காளியும் வளர்ப்பவர்கள் பூச்சிக்கும் பறவைக்கும் அஞ்சி வலை வாங்குவது இப்போது பரவலாகிவிட்டது; வாங்கிய வலையைச் செடிகளின் மேல் அப்படியே போர்த்திவிட்டு, பத்து நாள் கழித்து இலையெல்லாம் ஓட்டையாகக் கிடப்பதைக் கண்டு, வலையால் ஒரு பயனும் இல்லை என்று சுருட்டிப் பரணில் போடுவதும் அதே அளவுக்குப் பரவலாகவே நடக்கிறது. இதில் வலையின் குற்றம் ஏதும் இல்லை. இலையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் வலையின் மேல் உட்கார்ந்தபடியே அந்துப்பூச்சி துளையின் வழியாக இலையில் முட்டையிட்டுவிடும். மைனா வலைக்கு மேலிருந்தே தளிரைக் கொத்தும். காற்றில் வலை அசையும்போதெல்லாம் இளங்குருத்து உராய்ந்து கன்றிப்போகும். வலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடமாவது இருந்தால்தான் வலை தன் வேலையைச் செய்யும். அந்த வெற்றிடத்தை உண்டாக்கித் தருவதற்காகப் பாத்தியின் குறுக்கே வில்போல் வளைத்து நடப்படும் கம்புகளே இங்கே வளைவுகள் எனப்படுகின்றன. இவை சில கடைகளில் ஆயத்தமாகவும் கிடைக்கின்றன. ஆயினும் மூங்கில் கடையிலும் மின்சாமான் கடையிலும் கிடைப்பவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய பொருளுக்குப் பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை.

வளைவு என்னும் அமைப்பு தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. பேருந்து வருவதற்கு முன் குடும்பங்கள் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் பயணம் போன கூண்டு வண்டியின் கூரை, மூங்கிலை வளைத்து வரிசையாக நிறுத்தி, நீளவாட்டில் சிம்புகளைக் கொடுத்துக் கட்டி, மேலே பாய் போர்த்தி அமைந்ததுதான். பாயின் இடத்தில் வலையையும், உள்ளே அமர்ந்திருந்த மனிதர்களின் இடத்தில் கீரையையும் வைத்துப் பார்த்தால் கிடைப்பதே பாத்திக் கூண்டு. நான்கு மூலையிலும் குச்சி நட்டுத் தட்டையான பந்தலாகப் போட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். தட்டைப் பந்தலில் வலை நடுவில் தொய்ந்து, உதிர்ந்த இலைகளும் மழைநீரும் அங்கே தேங்கி, பாரத்தால் மேலும் தொய்ந்து, கடைசியில் செடியின் தலையிலேயே வந்து உட்காரும். குச்சியின் நுனியில் வலை முதலில் கிழியும். வளைவில் நுனி என்ற ஒன்று இல்லை. மேலே விழும் பாரம் வளைவின் இரு பக்கமாக வழிந்து தரையில் இறங்கிவிடுகிறது. அதோடு, நேராக இருந்த கம்பை வளைத்து நடும்போது அது மீண்டும் நிமிர முயன்றுகொண்டே இருப்பதால், அதன் இரு கால்களும் மண்ணை வெளிப்புறமாக நெட்டித் தள்ளுகின்றன. அந்த நெட்டுதலே காலை மண்ணில் இறுகப் பிடித்து நிறுத்துகிறது. ஆணியும் முட்டுக் கம்பும் இல்லாமல் ஒரு மூங்கில் வளைவு உறுதியாக நிற்பதன் காரணம் இதுதான்.

பயிரைக் காப்பது என்பது ஒரு காலத்தில் ஆள் நின்று செய்த வேலை. சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்கள் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி விரட்டும் பெண்களைக் காட்டுகின்றன. கவண், தழல், தட்டை, குளிர் என்று அவர்கள் கையிலிருந்த கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர்களே இருந்தன, அவற்றுள் தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்த ஓசைக் கருவி. இன்று அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் பகல் முழுதும் கீரைக்குக் காவல் நிற்க ஆளில்லை. மேலும், விரட்ட வேண்டியவை கிளி மட்டுமல்ல. நகரத்து மாடியில் தக்காளி சிவக்கும் நாளை அணில் முன்கூட்டியே அறிந்திருக்கிறது. கிராமத்தில் கோழி ஒரு நிமிடத்தில் பாத்தியைக் கிளறிப் போட்டுவிடுகிறது. கொங்குப் பகுதியில் மயில்கள் முளைவிட்ட விதையையே பொறுக்கித் தின்கின்றன. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் ஆதலால் அதற்குத் தீங்கு செய்வது தண்டனைக்குரிய குற்றம். வலையிட்டுப் பயிரை மூடுவது மயிலுக்கும் தோட்டக்காரருக்கும் ஒருசேர நன்மையான வழி.

ஆயினும் கண்ணுக்குத் தெரியும் இந்த விருந்தாளிகளைவிடக் கூடுதல் இழப்பை உண்டாக்குவது, ஏறத்தாழ 1 மி.மீ. நீளமே உள்ள வெள்ளை ஈ. பெயரில் ஈ என்று இருந்தாலும் அது ஈயின் இனமன்று. அசுவினிக்கு உறவான சாறுண்ணிப் பூச்சி. இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுவதோடு நில்லாமல், நோயுற்ற செடியிலிருந்து நலமான செடிக்கு வைரசையும் சுமந்து செல்கிறது. தக்காளியிலும் மிளகாயிலும் இலை சுருண்டு செடி குட்டையாக நின்றுவிடும் இலைச்சுருட்டை நோயும், வெண்டையில் நரம்புகள் மஞ்சளாகி இலை முழுதும் வெளிறும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயும் இப்படிப் பரவுபவையே. வைரஸ் புகுந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது; பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. நாற்றுப் பருவத்தில் நோய் தொற்றினால் காய்ப்பே இராது, நன்கு வளர்ந்த பிறகு தொற்றினால் ஓரளவாவது காய் கிடைக்கும். எனவே நாற்றங்காலில் இருக்கும் நாட்களில், அதாவது தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள், வெள்ளை ஈ அண்டாமல் காத்துவிட்டாலே பயிரின் பாதி ஆயுளைக் காத்ததாகும். மூன்றடிப் பாத்தி ஒன்றில் நூற்றுக்கணக்கான நாற்றுகள் அடங்கும் என்பதை எண்ணினால், ஒரு சிறிய கூண்டின் மதிப்பு விளங்கும்.

எந்த வலை என்ற கேள்வியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பூச்சித் தடுப்பு வலைகள் ‘மெஷ்’ என்ற எண்ணால் விற்கப்படுகின்றன. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளைகள் என்பதே அந்த எண்ணின் பொருள். எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். வெள்ளை ஈயைத் தடுக்க 40 முதல் 50 மெஷ் தேவை. அதைவிடச் சிறிய இலைப்பேனை நிறுத்த இன்னும் நெருக்கமான வலை வேண்டும், ஆனால் அத்தனை நெருக்கமான வலையில் காற்றும் நுழையாது என்பதால் வீட்டுப் பாத்திக்கு அது ஏற்றதல்ல. பழைய கொசுவலையைப் பயன்படுத்துவோர் பலர். கொசுவலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் என்பது பொதுவான கணக்கு. அதாவது ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. வெள்ளை ஈ அதன் வழியே தாராளமாகப் போய்வரும். ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவரைப் பாழாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியையும், கீரையில் இலைகளைப் பிணைத்துத் தின்னும் புழுவின் தாய் அந்தையும், பறவை அணில் அனைத்தையும் கொசுவலை தடுத்துவிடும். கீரைக்கு அது போதும். கடைகளில் கண்ணைப் பறிக்கும் பச்சை வலை இவற்றில் எதுவுமல்ல. அது நிழல்வலை, அதன் மேல் எழுதப்பட்டிருக்கும் 50, 75, 90 என்ற எண்கள் துளைகளின் எண்ணிக்கையைக் குறிப்பவையல்ல, எத்தனை விழுக்காடு வெயிலை மறைக்கும் என்பதையே குறிக்கின்றன. முக்கால்பங்கு வெயிலை மறைக்கும் வலையைக் கீரைக்குப் போட்டால் தண்டு வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். பூச்சித் தடுப்புக்கு வெள்ளை வலையே வாங்க வேண்டும்.

வளைவின் அளவைக் கணக்கிடுவது எளிது. மூன்றடி அகலமுள்ள பாத்தியின் மேல் சரியான அரைவட்டம் நிற்க வேண்டுமானால், அகலத்தைப் பை என்னும் 3.14 ஆல் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 4¾ அடி. இருபுறமும் மண்ணுக்குள் புதைவதற்கு ஓரடி சேர்த்தால் ஒரு வளைவுக்கு 7 அடி நீளக் கம்பு தேவை. நடுவில் உயரம் ஒன்றரை அடி கிடைக்கும். கீரைக்கும் நாற்றங்காலுக்கும் இது தாராளம். பாத்தியின் நீளம் பத்தடி என்றால் இரண்டரை அடிக்கு ஒன்றாக ஐந்து வளைவுகள் போதும். இடைவெளியை மூன்றடிக்கு மேல் விட்டால் நடுவில் வலை தொய்யும். வலையின் அகலம், வளைவின் 4¾ அடியோடு இருபுறமும் தரையில் மடித்துப் புதைக்க ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து 7 அடி. நீளம், பாத்தியின் பத்தடியோடு இரு முனைகளிலும் கீழே இறங்குவதற்கு ஒன்றரை அடியும் புதைவதற்கு ஓரடியும் சேர்த்து 15 அடி. முனைகளுக்கான இந்தக் கூடுதல் நீளத்தைக் கணக்கில் எடுக்க மறந்து, பாத்தியின் நீளத்துக்கே வலை வாங்கி வருவதுதான் வழக்கமாக நேரும் பிழை. அப்படி வாங்கினால் பக்கங்கள் மூடியிருக்க, வாசல்கள் இரண்டும் திறந்தே கிடக்கும்.

கம்புகளில் முதலிடம் மூங்கிலுக்குத்தான் தர வேண்டும். மலிவு என்பது ஒரு காரணம். முறிந்தால் மண்ணோடு மண்ணாகும் என்பது மற்றொரு காரணம். வளைந்து நிற்பதற்கென்றே பிறந்த பொருள்போல் அதன் நார்கள் நீளவாட்டில் ஓடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். ஓராண்டு இளங்கழியில் நீர் மிகுதி, காய்ந்ததும் சுருங்கி வலுவிழக்கும். மூன்று ஆண்டு முற்றிய கழியே ஏற்றது. அதை அரிவாளால் நெடுகப் பிளந்து, முக்கால் முதல் ஓர் அங்குல அகலமும் 6 முதல் 8 மி.மீ. கனமும் உள்ள பிளாச்சுகளாக எடுக்க வேண்டும். பிளாச்சு என்பது பிளந்த மூங்கில் பட்டை. அதன் ஒரு முகம் பச்சைத்தோல், மறுமுகம் வெண்மையான உட்சதை. நார்கள் நெருக்கமாக உள்ள தோற்பக்கம் இழுவையைத் தாங்குவது, உட்பக்கம் மென்மையானது. ஆகையால் வளைக்கும்போது தோல் வெளிப்புறமாகவும் சதை உட்புறமாகவும் இருக்க வேண்டும், மாற்றி வளைத்தால் கணுவில் படீரென்று முறியும். உட்புறத்தில் கணுக்கள் மேடாக நிற்கும் இடங்களைச் சீவிச் சமப்படுத்தி, இரு ஓரங்களின் கூர்மையையும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். இந்த ஓரம் கத்தியைப் போன்றது, விரலையும் வெட்டும், வலையையும் வெட்டும்.

பச்சை மூங்கில் அப்படியே வளையும். காய்ந்ததானால் ஓர் இரவு முழுதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு, காலையில் எடுத்து, முழங்காலில் வைத்து நடுவிலிருந்து சிறிது சிறிதாக இரு பக்கமும் நீவிக்கொண்டே வளைக்க வேண்டும். ஒரே மூச்சில் வளைத்தால் ஏதாவது ஒரு கணு அத்தனை பாரத்தையும் வாங்கி முறிந்துவிடும். வளைத்ததை இரு நுனிகளையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, வில்லுக்கு நாணேற்றியதுபோல் நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் அந்த வடிவத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடும். அதன் பிறகு நடுவது மிக எளிது. மூங்கிலின் பகை உளு. கழியில் உள்ள மாவுச்சத்தை நாடி வரும் சிறு வண்டு உள்ளே துளைத்துப் பொடியாக்குகிறது. சில வாரங்கள் தண்ணீரில் மூழ்க வைத்தால் மாவுச்சத்து கரைந்து வெளியேறிவிடும், வண்டின் வரவும் குறையும். மூங்கில் வேலை செய்வோரிடம் தலைமுறையாக இருந்துவரும் முறை இது. மண்ணுக்குள் இறங்கும் ஓரடிப் பகுதிதான் முதலில் மக்கும். அதைத் தீயில் மேலாகக் கருக்கியோ தார் பூசியோ நட்டால் கூடுதலாகச் சில பட்டங்கள் தாங்கும்.

மூங்கில் கிடைக்காத நகரத்தில் பிவிசி குழாய் கைகொடுக்கும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் குழாய் 3 மீட்டர், அதாவது ஏறத்தாழ பத்தடி நீளத்தில் கிடைக்கிறது; முக்கால் அங்குலம் என்று கடையில் கேட்டால் தரப்படும் 20 மி.மீ. குழாய் இந்த வேலைக்கு ஏற்றது. நாலடி அகலப் பாத்தியில் இந்தப் பத்தடிக் குழாயை முழுதாக வளைத்தால் மூன்றரை அடிக்கு மேல் உயரம் கிடைக்கும். கத்தரி, மிளகாய், குட்டை வகைத் தக்காளி அதற்குள் அடங்கும். மூன்றடிப் பாத்திக்கு அதை அப்படியே வளைக்கப் பார்த்தால் உச்சியில் குழாய் நசுங்கி மடியலாம். மின்பணியாளர்கள் குழாயை வளைக்கும்போது உள்ளே ஒரு நீளச் சுருள்கம்பியைச் செருகிக்கொள்வது இந்த மடிப்பைத் தவிர்ப்பதற்கே. அது கையில் இல்லாதவர்கள் உலர்ந்த ஆற்று மணலைக் குழாய் நிறைய நிரப்பி, இரு வாயையும் துணியால் அடைத்து, நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவைத்துப் பிறகு வளைக்கலாம். அடுப்பில் வாட்டி வளைப்பது தவறு. கருகும் பிவிசியிலிருந்து நெடியான, நுரையீரலைத் தாக்கும் அமில வாயு வெளியாகிறது. தண்ணீர் மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய கறுப்பு எச்டிபிஇ குழாய் இருந்தால் இந்தச் சிரமமே இல்லை, சுருளாகவே விற்கப்படுவதால் அது வளைவோடுதான் வீட்டுக்கு வருகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தின் 16 மி.மீ. பக்கக் குழாய் தனியாக நிற்காது. ஆனால் 4 மி.மீ. கனமுள்ள துத்தநாக முலாம் பூசிய கம்பியை வளைத்து, அதன் மேல் பழைய சொட்டுநீர்க் குழாயை உறையாக மாட்டிவிட்டால், கம்பி வலிமையைத் தரும், குழாய் வலை கிழியாமல் காக்கும். நாற்றங்காலுக்கு இதைவிட எளிய வளைவு இல்லை.

குழாயை மண்ணில் நேராகக் குத்த முயல்வது வீண். முனை மண்ணால் அடைபட்டு ஒரு சாணுக்கு மேல் இறங்காது. கட்டட வேலையில் மிஞ்சும் 8 அல்லது 10 மி.மீ. முறுக்குக் கம்பியை இரண்டடித் துண்டுகளாக வெட்டி, ஓரடி மண்ணிலும் ஓரடி வெளியிலுமாக, தலை சற்றே வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி சுத்தியால் அடித்து இறக்கி, அதன் மேல் குழாயின் வாயை மாட்டுவதே சரியான முறை. மேட்டுப்பாத்தியின் பொலபொலப்பான மண்ணில் கம்பி நிற்காது, பாத்தியின் விளிம்பை ஒட்டிய கெட்டித் தரையில் அடிக்க வேண்டும்.

ஐந்து வளைவுகள் தனித்தனியாக நின்றால் அவை வளைவுகள்தாம், கூண்டு ஆகா. முதல் வளைவின் உச்சியிலிருந்து கடைசி வளைவின் உச்சி வரை நீளவாட்டில் ஒரு பிளாச்சையோ குழாயையோ முகட்டுக்கம்பாகக் கொடுத்துக் கட்டினால்தான் அவை ஒன்றையொன்று தாங்கும். பாத்தி நீளமானால் இருபுறமும் இடையில் ஒவ்வொன்று கூடுதலாகக் கட்டலாம். முகட்டுக்கம்பு வளைவுகளின் உட்புறத்தில் அமைவது நல்லது, வலை வழுக்கி வர வெளிப்புறம் மழமழப்பாக இருக்கும். கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினால் அதன் முறுக்கு நுனி வலையைக் குத்திக் கிழிக்கும். பழைய சைக்கிள் டியூபை விரலகலப் பட்டைகளாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டுவது இதற்கு மிகப் பொருத்தம். ரப்பர் இழுபட்டு இறுகுவதால் முடிச்சு நெகிழாது, வெயிலில் சில பருவங்கள் தாங்கும், பஞ்சர் கடையில் கேட்டாலே கிடைக்கும். குழாய் வளைவுகளில் வலையைப் பிடித்து நிறுத்த ஒரு கவ்வியும் வீட்டிலேயே ஆகும். 25 மி.மீ. குழாயை மூன்று விரல் அகலத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் நீளவாட்டில் சுற்றளவில் கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டால், எஞ்சியது வாய் பிளந்த வளையல்போல் இருக்கும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வலை போர்த்திய 20 மி.மீ. வளைவின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் டக்கென்று கவ்விக்கொள்ளும். கீரை பறிக்கும்போது கழற்றி, பறித்தபின் மாட்டலாம்.

வலையின் ஓரம் தரையைச் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலான கூண்டுகள் தோற்கின்றன. நூறு அடிச் சுற்றளவில் ஒரு கையளவு இடைவெளி போதும், எலி நுழையும். விரலளவு போதும், அந்து நுழையும். நீளப் பக்கங்களில் ஒன்றையும் இரு முனைகளையும் நான்கு விரல் ஆழச் சால் பறித்து மண்ணுக்குள் மூடிவிட்டு, வேலை செய்வதற்கான மறுபக்கத்தை மட்டும், ஓரத்தில் ஒரு மூங்கிலைச் சுருட்டிக் கட்டி அதன் பாரத்தால் தரையோடு படிந்திருக்கச் செய்யலாம். களையெடுக்க வேண்டும்போது அந்த மூங்கிலை வலையோடு சுருட்டிக்கொண்டே மேலே ஏற்றி முகட்டில் வைத்துவிட்டால், பாத்தி முழுதும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். செங்கல்லை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைப்பது தற்காலிக ஏற்பாடுதான். இரண்டு செங்கல்லுக்கு இடையே வலை எப்போதும் சற்றுத் தூக்கியே நிற்கும்.

மாடித்தோட்டத்தில் குத்தி நிறுத்த மண் இல்லை. அங்கே ஹாலோ பிளாக் கற்களைச் செடிப்பைகளின் இரு பக்கமும் வரிசையாக வைத்து, அவற்றின் துளைகளில் வளைவின் கால்களை இறக்கி மணலால் இறுக்கலாம். பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் கலவை ஊற்றி நடுவில் ஒரு சாண் குழாய்த் துண்டை நிறுத்திக் காயவிட்டால் எங்கும் தூக்கி வைக்கக்கூடிய அடிப்பாதம் கிடைக்கும். ஒற்றைச் செடிப்பைக்கு இரண்டு வளைவுகளைக் கூட்டல்குறிபோல் குறுக்காக வைத்து உச்சியில் கட்டினால் குவிமாடம் ஆகிவிடும், வலையைப் பையின் கழுத்தோடு சேர்த்து நாடாவால் சுருக்கிக் கட்டிவிடலாம். மாடியில் காற்று தரையைவிட வலியது என்பதால், கூண்டின் இரு முனைகளையும் கைப்பிடிச் சுவரோடு கயிற்றால் பிணைப்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பறந்து போகும் ஒரு கூண்டு தெருவில் போகிறவர் மேலும் விழலாம், மின்கம்பியிலும் சிக்கலாம்.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது ஆடிக்காற்றை மறக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கும், ஆரல்வாய்மொழி வழியாகத் தென்கோடிக்கும், கம்பம் பள்ளத்தாக்குக்கும் அந்த மாதங்களில் வரும் காற்று, நெருக்கமான 50 மெஷ் வலையைப் படகின் பாயாகவே எண்ணி நெட்டும். அப்பகுதிகளில் கூண்டின் நீளம் காற்று வரும் திசைக்கு இணையாக, அதாவது பெரும்பாலும் மேற்கு கிழக்காக அமைய வேண்டும். உயரம் ஒன்றரை அடியோடு நிற்பது நல்லது. வலைக்கு மேல் இரண்டு வளைவுகளுக்கு நடுவே குறுக்காகக் கயிறு இழுத்து இருபுறமும் முளைக்குச்சியில் கட்டினால் வலை துள்ளாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வலை வேறொரு நன்மையைச் செய்கிறது. பெருந்துளிகள் வலையில் பட்டுச் சிதறிச் சாரலாக இறங்குவதால், நாற்று சாய்வதில்லை, மண் தெறித்து இலையில் ஒட்டி அழுகல் பரவுவதும் குறைகிறது. சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழ். நெருக்கமான வலைக்குள் காற்றோட்டம் குறைந்து வெப்பம் ஏறும். 35 பாகைக்கு மேல் போனால் தக்காளிப் பூ காய்பிடிக்காமல் உதிரும். கோடையில் வளைவுகளை உயரமாக அமைப்பதும், தண்ணீரைக் காலையிலேயே ஊற்றி இரவில் கூண்டுக்குள் ஈரம் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம். ஈரம் தேங்கிய நாற்றங்காலில் தண்டின் அடி அழுகி நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் சாயும்.

எல்லாப் பயிருக்கும் எப்போதும் வலை என்பது பொருந்தாது. சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடுகின்றன, பூவோடு அவற்றுக்கு வேலையில்லை. விதைத்த நாள் முதல் பறிக்கும் நாள் வரை அவை கூண்டுக்குள்ளேயே இருக்கலாம். முட்டைக்கோசும் அப்படியே. தக்காளி, மிளகாய், கத்தரிப் பூக்கள் தம்முள் தாமே மகரந்தம் கொள்பவை, ஆனால் காற்றின் அசைவு வேண்டும்; வலைக்குள் வளரும்போது நாள்தோறும் காலையில் செடியை மெல்லத் தட்டிவிட்டால் போதும். பாகல், பீர்க்கு, சுரை, பூசணி முதலிய கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீயோ அந்தோ வண்டோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால்தான் காய். வலையை மூடியே வைத்தால் பூ பூவாகப் பூத்துப் பிஞ்சு பிஞ்சாக வெம்பி விழும். மண்ணில் சத்து இல்லை என்று உரத்தை அள்ளிக் கொட்டுபவர்கள் வலையைத் திறந்து பார்க்க வேண்டும். பூசணியும் பாகலும் காலையில் மலர்கின்றன, பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்கின்றன. அந்தந்த வேளையில் வலையை ஏற்றிவிடுவதோ, ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவின் சூல்முடியில் தடவிவிடுவதோ தேவை. கொடிகளைப் பொறுத்தவரை, இளம்பருவத்தில் மட்டும் கூண்டுக்குள் வைத்துவிட்டு, பூ தொடங்கியதும் கூண்டை எடுத்துவிடுவதே எளிய வழி.

வலை எதையும் கொல்வதில்லை. உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துகிறது, அவ்வளவே. ஏற்கெனவே பூச்சி விழுந்த பாத்தியை மூடினால் அந்தப் பூச்சிக்குப் பாதுகாப்பான வீடு கட்டித் தந்ததாக முடியும், ஏனெனில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு வெளியே நின்றுவிடும். கடையில் வாங்கிய நாற்றாக இருந்தால் இலையின் அடிப்புறத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த பிறகே நட வேண்டும். சென்ற பருவத்தில் புழு விழுந்த அதே பாத்தியில் அதே பயிரை மீண்டும் வைத்து வலை போட்டால், மண்ணில் கூட்டுப்புழுவாகக் கிடந்தவை உள்ளிருந்தே வெளிவரும். கூண்டுக்குள் ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டையைத் தொங்கவிட்டால் வெள்ளை ஈ எங்காவது நுழைந்திருக்கிறதா என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

இவை அனைத்தையும்விடக் கவனமாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று பெரிய கண்ணுள்ள மெல்லிய நைலான் வலையையோ பழைய மீன்வலையையோ தோட்டத்தில் போடுவது கொடுமையில் முடிகிறது. எலியைத் தேடி வரும் சாரைப்பாம்பு அதில் தலையை நுழைத்து, பின்வாங்க முடியாமல் செதில்கள் சிக்கி, வெயிலில் துடித்துச் சாகிறது. ஓணானும் தேன்சிட்டும் வௌவாலும் அப்படியே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுப் பழமரங்களுக்கும் செடிகளுக்கும் போடும் வலையின் கண், முழுதாக இழுத்துப் பிடித்தாலும் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சுண்டுவிரல் நுழையும் வலை தோட்டத்துக்கு ஆகாது என்று அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பூச்சித் தடுப்பு வலையும் கொசுவலையும் இந்தச் சோதனையில் தேறிவிடும். வலை வளைவுகளின் மேல் விறைப்பாக இழுபட்டிருப்பதும் உயிர்களுக்குப் பாதுகாப்பு. தொளதொளவென்று கிடக்கும் மடிப்புகளில்தான் அவை சிக்குகின்றன. அறுவடை முடிந்ததும் வலையைக் கழற்றி, அலசி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்தால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையில் தயாரான வலை நான்கைந்து ஆண்டுகள் உழைக்கும். தோட்டத்திலேயே போட்டு வைத்தால் அது நொறுங்கி, மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்க முடியாத பிளாஸ்டிக் துணுக்குகளாகும்.

வரும் பட்டத்துக்கு விதை வாங்கும் முன்பே மூங்கில் வாங்கிப் பிளந்து ஊற வையுங்கள். வளைவுகளை முதலில் நடுங்கள், பிறகு விதையுங்கள், விதைத்த அன்று மாலையே வலையைப் போர்த்தி ஓரத்தை மண்ணால் மூடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போர்த்தலாம் என்று தள்ளிவைத்த வலை, முட்டைகளின் மேல்தான் போர்த்தப்படுகிறது.